குளிர்சாதனத்தின் பிணிகளும் அவற்றின் பூர்வ சரித்திரமும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியின் ஓரத்தில், வட்ட வடிவமான முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம், 1897-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்த காலத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முந்தியே, அமெரிக்க தேசத்திலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக எழுப்பப்பட்ட கிடங்கு என்பதும், அதனாலேயே அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றளவும் வழங்கி வருகிறது என்பதும் சென்னைவாசிகள் பலர் அறிந்த செய்திகள். பிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் நகரத்து வியாபாரி, 1833-ஆம் வருஷத்தில் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாத காலம் கடலில் மிதந்து, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து வந்த பின்பும் அதில் சுமார் 100 டன் உருகாமல் கரை சேர்ந்தது. அந்த வெற்றியின் பயனாகவே சென்னையிலும் பம்பாயிலும் கிடங்குகள் ஏற்பட்டன. தாம் குடில் அமைத்து வசித்த வால்டன் குளத்தில் 1846–47 குளிர்காலத்தில் ஆட்கள் வந்து பனிக்கட்டி வெட்டியதைக் கண்ட எழுத்தாளர் ஹென்றி தோரோ, அந்த ஜலம் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் தாகத்தைத் தணிக்கப் போவதைத் தம் நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த வியாபாரத்தில் டியூடர் பல வருஷ காலம் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடங்கள் முக்கியமாக இரண்டு. வெளிவெப்பம் உள்ளே கசியாதபடி மரத்தூளையும் இரட்டைச் சுவரையும் கொண்டு கட்டியைக் காப்பது ஒன்று. உருகிய ஜலம் கட்டியின் அடியில் தேங்கி நின்றால் மிஞ்சியதும் விரைவில் கரைந்துபோகும் ஆதலால், அந்த ஜலத்தை அவ்வப்போது வடித்து வெளியேற்றுவது மற்றொன்று. இன்று நம் வீட்டு அறையில் மாட்டியிருக்கும் குளிர்சாதனம் சரியாகக் குளிராமற்போனாலும், சுவரில் ஜலம் வழிந்தாலும், ஏதோ புதிய தொல்லை வந்து வாய்த்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். வெப்பம் கசிதல், ஜலம் தேங்குதல், காற்றில் ஈரம் மிகுதல், வாயு ஒழுகுதல் ஆகிய இவையெல்லாம் இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே அதனுடன் கூட வந்த சங்கடங்கள். இவற்றை ஒவ்வொன்றாக வெல்ல முயன்ற முயற்சியிலேயே யந்திரத்தின் ஒவ்வோர் அங்கமும் உருவாயிற்று. ஆகையால் கோளாற்றின் பூர்வ கதையை அறிந்துகொண்டவர், பழுது பார்க்க வந்தவர் சொல்லும் காரணம் பொருந்துமா பொருந்தாதா என்பதைத் தாமே நிதானிக்க முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1870-களில் நீராவியால் இயங்கும் யந்திரங்கள் இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கப்பல் வியாபாரம் க்ஷீணித்து மறைந்தது. ஆனாலும் அந்த வியாபாரத்தின் அடையாளம் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஒன்றரை டன் ஏ.சி.’ என்று நாம் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த டன் யந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. 2,000 பவுண்டு எடையுள்ள பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதும் உருகுமானால் எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அகற்றும் ஆற்றலே ஒரு டன். மின்சாரக் கணக்கில் அது சுமார் மூன்றரை கிலோவாட். மேல்மாடியில், தளத்தின்மேல் நேரே வெயில் விழும் பெரிய அறைக்கு ஒரு டன் யந்திரத்தை வாங்கி மாட்டிவிட்டு, “ஏ.சி. குளிரவே இல்லை” என்று குறைப்படுகிற குடும்பத்தார், நாளொன்றுக்கு இரண்டு டன் பனிக்கட்டியை உருக்கக்கூடிய உஷ்ணத்துக்கு ஒரே டன்னைக் கொண்டு ஈடுகொடுக்க முயல்கிறார்கள். அங்கே யந்திரத்தில் பழுது ஒன்றுமில்லை. எந்த மெக்கானிக்கும் அதைத் தீர்த்துவைக்க இயலாது.

பனிக்கட்டியை வாங்கக் கூடியவர்கள் அதைப் பானத்தில் இட்டுப் பருகினார்களேயன்றி, அறையைக் குளிர்விக்க அதைச் செலவிட்டவர் மிகச் சிலரே. அறைக்குப் பங்காவும் வெட்டிவேர்த் தட்டியுமே கதியாக இருந்தன. உத்தரத்தில் தொங்கும் நீண்ட துணி விசிறியை, தாழ்வாரத்தில் உட்கார்ந்து கயிற்றால் பகலும் இரவும் இழுத்துக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளிகளின் உழைப்பைக் கொண்டே கச்சேரிகளும் கோர்ட்டுகளும் கோடையைக் கழித்தன; அயர்ந்து கண்மூடிய குற்றத்துக்காக அவர்கள் பட்ட அடியும் உதையும் அந்தக் காலத்து ஆவணங்களில் அழியாமல் இருக்கின்றன. வெட்டிவேர்த் தட்டியின் கதை வேறு. டெல்லியிலும் ஆக்ராவிலும் வீசும் வறண்ட அனல்காற்று, நனைத்த தட்டியின் வழியே நுழையும்போது ஜலத்தை ஆவியாக்கித் தன் உஷ்ணத்தை இழந்து குளிர்ந்து வருகிறது. சென்னையில் அதே தட்டியைக் கட்டினால் அறை புழுங்குகிறது. ஏனெனில் கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவதால் மேலும் ஆவியை ஏற்க அதனிடம் இடமில்லை. இந்த நகரத்தில் உடம்பை வருத்துவது உஷ்ணத்தோடு சேர்ந்த ஈரம். இந்த உண்மையை உணராதவர்கள் இன்றும் மே மாதத்தில் ஏர் கூலரை வாங்கி, ஜன்னலையும் சாத்திவிட்டு, வியர்வையில் நனைகிறார்கள்.

காற்றின் ஈரமே முதல் எதிரியாக அமைந்தபடியால்தான், வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் 1902-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தம்முடைய யந்திரத்தை வரைந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஸாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வர்ணப் படங்களை ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறமாகப் பல தடவை அச்சிட வேண்டியிருக்க, ஈரமான நாட்களில் காகிதம் விரிந்தும் வறண்ட நாட்களில் சுருங்கியும் போனதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நின்றன. கேரியர், குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தைத் துளித்துளியாகப் படியச் செய்து வடித்துவிட்டு, வருஷம் முழுதும் 55 சதவிகித ஈரப்பதம் நிலைத்திருக்கும்படி திட்டம் வகுத்தார். நாள்தோறும் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்குச் சமமான குளிர்ச்சி அந்த அச்சகத்துக்குத் தேவைப்பட்டது. மனிதர்களின் சுகத்தை அப்போது எவரும் கருதவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதைக் கருதியவர் ஒருவர் உண்டு: பிளாரிடாவில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டுமென்ற கருணையால் பனிக்கட்டி செய்யும் யந்திரத்தை அமைத்து, 1851-இல் உரிமையும் பெற்ற ஜான் காரி என்னும் வைத்தியர். பொருளுதவி கிடைக்காமல், 1855-இல் அவர் மனமுடைந்து மாண்டார். அந்த நல்ல மனிதரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

யந்திரத்தின் தத்துவம் எளியது. வயற்காட்டில் ஏற்றம் கிணற்றின் ஆழத்திலுள்ள நீரை மேட்டுக்கு இறைத்து ஊற்றுவதுபோல, குளிர்சாதனம் அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை அள்ளி, அதைவிட வெப்பமான வெளிக்காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அள்ளிச் செல்வது, குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும் ஒரு வாயு. அறையிலுள்ள சுருளில் திரவமாக நுழையும் அது, உஷ்ணத்தைக் குடித்து ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கிச் சூடேற்றி வெளிச்சுருளுக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறிக் காற்றுக்கு உஷ்ணத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகி, மயிரிழை போன்ற நுண்துளைக் குழாயின் வழியே அழுத்தம் குன்றி அறைக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் உள்ளே உஷ்ணத்தை அள்ளும் இடம், வெளியே கொட்டும் இடம், நடுவே தள்ளுகிற சக்தி, சுற்றுகிற வாயு என்ற நான்கில் ஒன்று தடைப்பட்டாலன்றிக் குளிர்ச்சி குறைவதற்கு வழியில்லை. தேர்ந்த மெக்கானிக் இவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கிறார்; தேராதவர் நேரே நான்காவதற்குத் தாவிவிடுகிறார்.

முதலாவது, உள்ளே காற்று தடைப்படுதல். முன்புறப் பலகையைத் தூக்கினால் தெரியும் வலைச் சட்டமாகிய பில்டர், வாகனப் போக்குவரத்து மிகுந்த தெருக்களில் இரண்டு வாரத்துக்குள் சாம்பல் நிறக் கம்பளமாக மாறிவிடும். காற்று போதிய அளவு வராதபோது சுருளின் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, அதன்மேல் படியும் ஈரம் வடிந்து ஓடுவதற்குப் பதிலாக உறைந்து பனியாகிறது. பனி மூடியபின் காற்று இன்னும் குறைகிறது. ஒரு மணி நேரத்தில் வெண்மையான கட்டி சுருளை அடைத்துவிட, யந்திரம் உறுமிக்கொண்டிருந்தும் அறை புழுங்குகிறது. வாயு குறைந்தாலும் பனி படியும். பேதம் என்னவென்றால், காற்றுத் தடையால் வரும் பனி சுருள் முழுதும் சமமாகப் பரவும். வாயுக் குறைவால் வருவதோ, திரவம் நுழைகிற பக்கத்தில் மட்டும் திட்டாகப் படிந்து மற்றப் பாகத்தை வறட்சியாக விட்டுவிடும். இந்தச் சின்ன அடையாளத்தை வீட்டுக்காரரே டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உறைந்த பனியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பெயர்க்கலாகாது. குழாயில் துளை விழுந்தால் வாயு முழுதும் போய்விடும். கம்ப்ரஸரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டால் போதும்.

அச்சகத்தில் கேரியர் வடித்த அதே ஜலந்தான் நம் படுக்கையறைச் சுவரில் வழிந்து மனைவிமார்களைக் கவலைப்படுத்துகிறது. சென்னையின் ஈரக்காற்றில் ஒன்றரை டன் யந்திரம் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஜலத்தை வடித்துத் தள்ளுவது இயல்பே. அது சுருளின் அடியிலுள்ள தட்டில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போக வேண்டும். தூசியும் ஈரமும் கூடித் தட்டில் ஒரு வழுவழுப்பான பாசியை உண்டாக்க, அது குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். மாட்டியவர் பெட்டியைச் சற்றே சாய்த்து மாட்டியிருந்தாலும், குழாய் நடுவில் மேடேறி இறங்கினாலும் இதே விளைவுதான். பழைய ஜன்னல் யந்திரங்களில் இந்த ஜலத்தை வீணாக்காமல் ஒரு யுக்தி செய்திருந்தார்கள். பின்புற விசிறியின் விளிம்பில் ஒரு வளையத்தை அமைத்து, அது அடித்தட்டில் தேங்கிய குளிர்ந்த ஜலத்தை வாரி வெளிச்சுருளின்மேல் வீசும்படி செய்தார்கள். அதனால் சுருள் சீக்கிரம் குளிர்ந்து மின்சாரமும் மிச்சமாயிற்று. ‘சளசள’வென்று சப்தம் கேட்கிறதே என்று அடித்தட்டில் துளையிட்டு ஜலத்தை ஒழுகவிட்ட வீடுகள் அநேகம், சப்தம் நின்றது, யந்திரத்தின் ஆற்றலும் அதோடு குறைந்தது.

வாயுவின் சரித்திரம் இவற்றைக் காட்டிலும் நீண்டது, துயரமும் கலந்தது. ஆதியில் அம்மோனியாவும், கந்தகம் எரிந்த நெடியுள்ள ஸல்ஃபர் டையாக்ஸைடும், மெதில் குளோரைடும் குளிர்பெட்டிகளில் சுற்றின. கம்ப்ரஸரை வெளியேயிருந்து மோட்டாரும் பெல்ட்டும் சுழற்றியபடியால், அச்சு உள்ளே நுழையும் இடத்தில் வைத்த அடைப்புத் தேய்ந்து வாயு ஒழுகுவது அன்றாட நிகழ்ச்சி. பெர்லின் நகரத்தில் ஒரு குடும்பமே இரவில் இப்படி ஒழுகிய விஷவாயுவைச் சுவாசித்து மாண்ட செய்தியைப் பத்திரிகையில் படித்து மனங்கலங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், லியோ ஸிலார்டு என்ற இளம் விஞ்ஞானியோடு கூடி, அசையும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டிகளை 1926 முதல் சில வருஷங்கள் ஆராய்ந்து உரிமைகளும் பெற்றார். அவை கடைக்கு வருவதற்குள், 1927-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே எஃகுக் கலயத்துக்குள் வைத்து மூடிய குளிர்பெட்டியைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எரியாததும் விஷமற்றதுமான ஃப்ரியான் வாயுவை ரசாயன சங்கத்தார் கூட்டத்தில் தாமே உள்ளிழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இந்த இரண்டு சாதனைகளும் சேர்ந்தே குளிர்சாதனத்தைப் படுக்கையறைக்குள் வைக்கத் தகுந்த பொருளாக்கின. 1931-இல் ஷுல்ட்ஸ், ஷெர்மன் என்ற இருவர் ஜன்னல் விளிம்பில் வைக்கும் யந்திரத்துக்கு உரிமை கோரினர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்பு அது சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டுகிற விலைக்கு வந்தது.

மூடிய கலயத்துக்குள் சுற்றும் வாயு செலவாகும் பொருளன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் கோடை பிறந்ததும் நம் தெருக்களில் நடக்கிற சம்பாஷணை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது:

“கேஸ் குறைஞ்சு போச்சுங்க ஐயா. போட்டுடலாமா?”

“போன வருஷந்தானே தம்பி போட்டே? அதுக்குள்ள எங்கே போச்சு?”

“ஓட ஓடக் குறையத்தானுங்க செய்யும்.”

ஓடுவதால் அது குறையாது. பத்து வருஷம் ஓடினாலும், ஒழுக்கு இல்லாத யந்திரத்தில் முதல் நாள் இட்ட வாயுவே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலும் மேலும் வாயு நிரப்புவது வீண் செலவு. தொழிலறிந்தவர் குழாய்களில் நைட்ரஜனை உயர்ந்த அழுத்தத்தில் ஏற்றி, இணைப்பு நட்டுகளின்மேல் சோப்பு நுரையைத் தடவிக் காத்திருக்கிறார். ஒழுக்குள்ள இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பி, உப்பி, வெடித்து, மறுபடியும் எழும்பும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இடத்தையே அவர் முதலில் தடவுவார். வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சிறிது வெளியேறுவதால் அந்தக் கறை ஒழுக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். நைட்ரஜன் இல்லையென்று ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டு சோதிப்பது மகா ஆபத்து. எண்ணெயோடு அது கூடினால் வெடிக்கும். ஒழுக்கை அடைத்த பின்பு வாக்குவம் பம்பைக் கொண்டு அரைமணி நேரமாவது குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் நுண்துளைக் குழாயின் வாயில் உறைந்து அடைக்கும். யந்திரம் சிறிது நேரம் குளிர்ந்து, பிறகு நின்று, பனி உருகியதும் மீண்டும் குளிரும். காரணம் புரியாமல் குடும்பத்தார் மின்சாரத்தை நொந்துகொள்வார்கள்.

எஃகுக் கலயத்துக்குள் மோட்டாரை அடைத்த ஏற்பாடு ஒரு பழைய வியாதியைத் தீர்த்ததோடு ஒரு புதிய வியாதியையும் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது, கலயத்தின் வழியே சுற்றிவரும் வாயுவே. ஆகவே வாயு குறைந்தால் மோட்டார் சூடேறி, காப்புச் சாதனம் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்த மோட்டார் கிளம்புவதற்கும் ஓடுவதற்கும் கெப்பாசிட்டர் என்ற உருளை வடிவப் பொருளின் துணை வேண்டும். வெளிப்பெட்டியின் வெப்பத்தில் அது சில வருஷங்களில் தளர்ந்து, தலை உப்பி, சத்திழந்துபோகும். அப்போது கம்ப்ரஸர் கிளம்ப முயன்று ‘ம்ம்ம்’ என்று சில விநாடி முனகி, ‘டக்’ என்ற சப்தத்தோடு அடங்கும். சில நிமிஷம் கழித்து அதே முனகல், அதே சப்தம். இதைக் கேட்டவுடன் கம்ப்ரஸர் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, பல்லாயிரம் ரூபாய்க்குக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. சில நூறு ரூபாய் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்த பின்பே கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை எந்த வீட்டுக்காரரும் தைரியமாக வற்புறுத்தலாம்.

இந்தியாவில் புளூ ஸ்டார் கம்பெனி 1943-இலும், வோல்கார்ட் சகோதரர்களும் டாட்டா நிறுவனத்தாரும் கூடி அமைத்த வோல்டாஸ் 1954-இலும் தோன்றின. அதற்கு முன்பே, 1934-இல், பிரான்டியர் மெயில் என்ற ரயிலில் வண்டிகளின் அடியில் பனிக்கட்டிப் பாளங்களை வைத்து, அவற்றின்மேல் காற்றைச் செலுத்திப் பிரயாணிகளைக் குளிர்வித்தார்கள். சுதந்தரத்துக்குப் பின்பு வெகுகாலம் அறைக் குளிர்சாதனம் போக வஸ்துவாகக் கருதப்பட்டு, கடும் வரிக்கு உள்ளாகி, டாக்டர்களின் அறைகளிலும் கம்பெனி முதலாளிகளின் காரியாலயங்களிலுமே காணப்பட்டது. அக்காலத்தில் அதற்கு வாய்த்த பெருந்துன்பம் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வே. வோல்டேஜ் தாழ்ந்தால் மோட்டார் கிளம்ப முடியாமல் திணறி, மிகுந்த கரண்டை இழுத்துச் சூடாகும். இதனால் பிறந்ததே ஸ்டெபிலைசர் என்ற இரும்புப் பெட்டி. அதிலுள்ள ‘டிலே’ என்ற ஏற்பாட்டுக்கும் காரணம் உண்டு: மின்சாரம் போய் உடனே வந்தால், குழாய்களில் அழுத்தம் இரு பக்கமும் சமமாகாத நிலையில் கம்ப்ரஸர் கிளம்ப இயலாது, மூன்று நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். விசையை மறுபடி மறுபடி அழுத்துகிற அவசரத்தால் கெட்ட மோட்டார்கள் கணக்கில் அடங்கா.

1990-களுக்குப் பின்பு விலை இறங்கி, ஜன்னல் பெட்டி மெல்ல மறைந்து, இரண்டாகப் பிரிந்த ஸ்பிளிட் யந்திரம் எங்கும் பரவிற்று. சப்தம் வீட்டுக்கு வெளியே போயிற்று. அதோடு யந்திரத்தின் பாதி உடம்பும் கண்ணுக்கு மறைவாகப் போயிற்று. மேற்சொன்ன இரண்டாம் காரணம், அதாவது உஷ்ணத்தைக் கொட்டும் இடம் தடைப்படுவது, இப்போது மிக அதிகமாக நேர்வதற்கு இதுவே ஹேது. இரண்டு கட்டிடங்களுக்கு இடையிலுள்ள சந்தில் ஏழெட்டு அவுட்டோர் யூனிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டால், கீழ்ப்பெட்டி கக்கிய அனலையே மேற்பெட்டி சுவாசிக்கிறது. கத்திரி வெயிலில் நடுப்பகலில் நின்றுபோய், இரவில் மட்டும் ஒழுங்காக ஓடும் யந்திரத்துக்கு வியாதி பெரும்பாலும் இதுதான். அல்லது வெளிச்சுருளில் தூசியும் புறா இறகும் அடைத்திருக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து, விரல் பட்டாலே மாவாக உதிரும்படி செய்துவிடுகிறது. தகடு போனபின் செப்புக் குழாய் மட்டும் நின்று உஷ்ணத்தை எப்படி விடும்? சாக்கடை வாயு உலவும் கால்வாய்க் கரைகளில் செம்பும் கறுத்துத் துளைபடுகிறது. நீல நிறப் பூச்சுள்ள தகடுகள் இதற்காகவே வந்தவை. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் வெளிச்சுருளைக் கழுவுவது அந்தப் பூச்சையும்விட அதிகப் பலன் தருகிறது என்பது அநுபவஸ்தர்களின் கருத்து.

ஃப்ரியானின் கதை மிட்ஜ்லியின் மெழுகுவர்த்தியோடு முடியவில்லை. 1974-ஆம் வருஷத்தில் மோலினா, ரோலண்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள், விஷமற்றதென்று கொண்டாடப்பட்ட அந்த வாயுக் குடும்பம் ஆகாயத்தின் மேல்மண்டலத்துக்கு ஏறிச்சென்று, சூரியனின் தீக்கதிர்களைத் தடுத்து நமக்கு ரக்ஷையாக இருக்கும் ஓஸோன் படலத்தை அழிப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேலே அந்தப் படலம் மெலிந்திருப்பது கண்கூடாயிற்று. 1987 செப்டம்பர் 16-ஆம் தேதி மான்ட்ரியால் உடன்படிக்கை பிறந்தது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. நம் அறை யந்திரங்களில் அரை நூற்றாண்டு ஆட்சி செய்த ஆர்-22 இப்போது படிப்படியாக விடைபெற்றுக்கொள்ள, அதன் ஸ்தானத்தில் ஆர்-410ஏ, பிறகு ஆர்-32, சில யந்திரங்களில் ஆர்-290 ஆகியவை வந்திருக்கின்றன. ஆர்-32 ஓஸோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் சிறிதளவு தீப்பற்றும் குணமுடையது. ஆர்-290 என்பது சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த புரோப்பேனே. ஆர்-22 காலத்தில் மீட்டர் முள் அறுபது எழுபதைக் காட்டினால் போதுமென்று நிரப்பிப் பழகிய கைகள், நூறுக்கு மேல் நிற்க வேண்டிய ஆர்-32 யந்திரத்தையும் அதே முள்ளைப் பார்த்து நிரப்புவது தவறு. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்ட எடையைத் தராசில் நிறுத்தே இட வேண்டும். பழைய வாயுவை ஆகாயத்தில் திறந்துவிடுவதும், வாயு இருக்கும் குழாயில் வெல்டிங் சுடரைக் காட்டுவதும் இனிச் செல்லா.

ஜப்பானில் 1980-களின் தொடக்கத்தில் பிறந்த இன்வெர்ட்டர் முறை, மோட்டாரின் வேகத்தைத் தேவைக்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு விலையாக, நுட்பமான மின்னணுப் பலகை ஒன்று வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்கவேண்டியிருக்கிறது. அதன் வெதுவெதுப்பை நாடி உள்ளே புகும் பல்லி, இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஊர்ந்து தானும் மடிந்து பலகையையும் எரித்துவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். குழாய் நுழையும் துவாரத்தைச் சுண்ணத்தாலோ மெழுகுப் பசையாலோ அடைத்து வைப்பது சில ரூபாய் வேலை.

இத்தனையையும் அறிந்து தீர்க்க வேண்டிய மெக்கானிக்கின் நிலைமையை நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த மரியாதையும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு வருஷம் இந்தத் தொழிலைக் கற்றுவரும் இளைஞர்களும், குருவிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே கற்றவர்களும் உள்ளங்கையை வெளிப்பெட்டியின் விசிறிக் காற்றில் நீட்டி, அது அனலாக வருகிறதா, வெறும் காற்றாக வருகிறதா என்பதைக் கொண்டே கம்ப்ரஸரின் ஸ்திதியைச் சொல்லிவிடுகிறார்கள்; உள்ளே இழுக்கப்படும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி பேதம் இருந்தால் குளிர்ச்சியில் குறையில்லை என்று வெப்பமானியால் நிரூபிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை, நாலாவது மாடியில், ஒரு சாண் அகலமுள்ள ஸன்ஷேடில், இடுப்பில் பெல்ட்டும் இன்றி, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு மறுகையால் நட்டு முடுக்கும்படி விட்டிருக்கிறோம். கீழே விழுந்து உயிரிழந்த செய்திகள் கோடைதோறும் வருகின்றன. புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகள் சிலவற்றில் அவுட்டோர் யூனிட்டுக்கென்று கைப்பிடிச் சுவரோடு கூடிய தனி மாடம் அமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் வேலை செய்கிறவர் இரண்டு கைகளையும் வேலைக்குக் கொடுக்கிறார், நுரையைத் தடவி, குமிழி எழும் வரையில் நிதானமாக உட்கார்ந்து பார்க்கிறார், ஒழுக்கும் அகப்படுகிறது.